ஆபீஸ் போகிற பைக்குக்கு 'ரேஸிங்' பிரேக் பேடு எதற்கு?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "அண்ணே, டிஸ்க் பேடு வேணும்" என்று கேட்டால், கவுன்டரிலிருந்து திரும்பி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கம்பெனியா, லோக்கலா?" கொஞ்சம் விலை கூடிய பைக்கோடு போய் நின்றால் மூன்றாவதாக இன்னொன்றும் வரும்: "ரேஸிங் பேடு இருக்கு தம்பி, போட்டா சும்மா நச்சுனு நிக்கும்." அந்தப் பேடு எதனால் ஆனது, எந்தச் சூட்டில் வேலை செய்யும், மழையில் என்ன ஆகும் என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

இது வேறு ஊராக இருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தியாவில் பிரேக் என்றாலே முதலில் சொல்ல வேண்டிய ஊர்களில் ஒன்று இது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கியது. அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங் 1964-ல் வந்தது. 2025-ல் அது ரானே மெட்ராஸ் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-ல் பாடியில் ஆரம்பமானது. எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களில் சிலர் நாள் முழுக்க உராய்வுக் கலவையோடு புழங்கிவிட்டு வருகிறவர்கள். அதே சி.டி.எச். ரோட்டில்தான் தங்கள் பைக்கில் என்ன பேடு இருக்கிறது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் ஓட்டுகிறார்கள்.

'ரேஸிங்' என்ற வார்த்தையைக் கேட்டதும் பணம் எடுத்துக் கொடுக்கிற பழக்கம் தப்பு என்பதுதான் இங்கே வாதம். ஆவடியிலிருந்து கிண்டிக்கும், பூந்தமல்லியிலிருந்து போரூருக்கும் போய் வருகிற பைக், ரேஸ் பைக்குக்குச் சொந்தமே இல்லை. பிரேக்கைப் பொறுத்தவரை அதன் நெருங்கிய சொந்தம், பாறை மேல் ஊர்ந்து ஏறுகிற ட்ரையல்ஸ் பைக். ரெண்டும் மெதுவாகப் போகிறவை. ரெண்டும் சூடாகாத பிரேக்கை வைத்துக்கொண்டு, சேற்றிலும் தண்ணீரிலும், தொட்டவுடன் நிற்க வேண்டியவை.

முந்திரித் தோடு முதல் செம்புத் தூள் வரை

முதலில் அந்த விரல் நீளக் கறுப்புக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கலவைதான் பேடின் உயிர். மோட்டார் சைக்கிள்களில் இது மோட்டாமோட்டமாக மூன்று குடும்பம்.

'ஆர்கானிக்' என்று சொல்லப்படுவது பிசினால் கட்டப்பட்ட கலவை. ரெசின் பேடு என்றும் சொல்வார்கள். பெயரைப் பார்த்து இயற்கை உரம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. பீனாலிக் பிசின்தான் பசை. அதற்குள் அராமிட் போன்ற இழைகள், கிராஃபைட், ரப்பர், எடைக்கும் நிதானத்துக்கும் பேரைட் தாது. இதில் சுவாரசியமான ஒரு சாமான் உண்டு. முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கெட்டியாக்கி, பொடியாக்கிச் சேர்ப்பார்கள். ஆமாம், பண்ருட்டிப் பக்கம் கையில் பட்டால் கொப்புளம் போடுமே, அதே எண்ணெய்தான். பருப்பு பாயசத்துக்கு, தோடு பிரேக்குக்கு. பிடிப்பு ஏறி இறங்காமல் சீராக இருக்கவும், கிறீச் சத்தம் குறையவும் இந்த முந்திரித் தூள் உதவுகிறது. டிரம் பிரேக் லைனிங்கிலும் இது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

பிசினின் பலவீனம் சூடு. ரொம்பச் சூடானால் பிசின் சிதைந்து வாயு கிளம்பும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அது மெல்லிய படலமாக நின்றுகொள்ளும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பைக் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். மலை இறக்கத்தில் 'பிரேக் புடிக்கல' என்று சொல்வதன் ஒரு காரணம் இதுதான்.

'சின்டர்டு' என்பது உலோகப் பேடு. செம்பு, வெண்கலம் மாதிரி உலோகத் தூள்களைக் கிராஃபைட்டோடு சேர்த்து அழுத்தி, உருகிவிடாத அளவுக்குச் சுட்டு, துகளோடு துகள் ஒட்டிக்கொள்ளும்படி செய்வது. செங்கல் சூளைக்கு உலோக அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பசை என்று தனியாக ஒன்றும் இல்லாததால் சூட்டுக்குப் பயப்படாது. சேற்று மண்ணில் சீக்கிரம் கரையாது. நனைந்த டிஸ்க்கிலும் தண்ணீர்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு பிடிக்கும். அதற்கான விலையை டிஸ்க் கொடுக்கிறது; அது சீக்கிரம் தேயும். சத்தமும் கூட. இன்னொன்று, உலோகம் சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால் வெப்பம் காலிப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் சுலபமாகப் போய்ச் சேரும்.

நடுவில் இருப்பது 'செமி மெட்டாலிக்'. பிசின்தான் பசை, ஆனால் உள்ளே உலோக இழையும் தூளும் அதிகம். குணமும் நடுவாந்தரம். 'செராமிக்', 'கார்பன்' என்றெல்லாம் அட்டைப்பெட்டியில் வருவது பல நேரம் இந்தக் குடும்பங்களுக்கு வைத்த செல்லப்பெயர். வார்த்தையை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

புல்லட்டின் பழைய பாடம்

ட்ரையல்ஸ் என்பது வேகப் போட்டி அல்ல. பாறை, ஓடை, மரவேர், சேற்று மேடு எனப் பிரித்த பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். கால் ஒருமுறை தரையைத் தொட்டால் ஒரு புள்ளி அபராதம், இரண்டு முறை என்றால் இரண்டு, அதற்கு மேல் மூன்று. கடக்க முடியாமல் தோற்றால் ஐந்து. குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர்.

சென்னைக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருவொற்றியூரில் 1955 முதல் உருவாகி வந்த புல்லட்டின் மூதாதை, 1948-ல் இங்கிலாந்தில் முதன்முதலில் தலைகாட்டியதே ஒரு ட்ரையல்ஸ் போட்டியில்தான். பின்பக்க ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷனோடு ஒரு ட்ரையல்ஸ் பைக்கா என்று அப்போது பலர் சிரித்தார்கள். பிறகு ராயல் என்ஃபீல்டு ஓட்டிய ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல் போட்டியை ஜெயித்தார். அந்த நினைவாக 2019-ல் 'புல்லட் ட்ரையல்ஸ்' 350, 500 என்று இரண்டு மாடல்கள் இங்கே விற்பனைக்கு வந்தன. முன்னால் 280 மி.மீ. டிஸ்க், பின்னால் 240 மி.மீ. டிஸ்க், ஏபிஎஸ். எடை 190 கிலோவை ஒட்டி. பார்க்க அழகு, ஆனால் உண்மையான இன்றைய ட்ரையல்ஸ் பைக் சுமார் 70 கிலோதான். உட்கார சீட்டுகூடச் சரியாக இருக்காது.

அந்த 70 கிலோ பைக்கின் பிரேக் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். பைக்கும் ஆளும் சேர்ந்து 140 கிலோ, வேகம் மணிக்கு 10 கி.மீ. என்றால், நிறுத்தும்போது வெப்பமாக மாற வேண்டிய ஆற்றல் சுமார் 540 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரு டிகிரிகூடச் சூடாக்காது. அதாவது ட்ரையல்ஸ் பேடு ஏறக்குறைய எப்போதுமே குளிர்ந்தே இருக்கிறது. 'சூடானால் தாங்குமா' என்பது அங்கே கேள்வியே இல்லை. ஒரு விரலால் லீவரைத் தொட்டதும் முதல் மில்லிமீட்டரிலேயே பிடிக்கிறதா, பாறைச் சரிவில் சக்கரத்தை அசையாமல் நிறுத்தி வைக்கிறதா, விட்டதும் சுத்தமாக விடுகிறதா, ஓடையைத் தாண்டி வந்ததும் பழைய மாதிரியே பிடிக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

அதனால்தான் ட்ரையல்ஸ் ஓட்டுகிறவர்களிடம் 'சின்டர்டா, ஆர்கானிக்கா' என்ற சண்டை தீர்ந்தபாடில்லை. சேறு ஆர்கானிக் பேடை உப்புத்தாள் மாதிரி தேய்த்துத் தள்ளிவிடும், ஆகவே சின்டர்டுதான் என்பார் ஒருவர். சின்டர்டு மெல்லிய டிஸ்க்கைத் தின்றுவிடும், லீவரில் கிடைக்கிற நிதானமும் போய்விடும், ஆகவே ஆர்கானிக்தான் என்பார் இன்னொருவர். ரெண்டு பேர் சொல்வதும் நியாயம். ஆனால் ரெண்டு பேருமே 'ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறார்களே, அது எனக்கும் நல்லது' என்று சொல்வதில்லை.

அம்பத்தூர் டிராஃபிக்கில் டிஸ்க் எவ்வளவு சூடாகும்?

இப்போது இதே கணக்கை ஆபீஸ் பைக்குக்குப் போடலாம். 150 சிசி வண்டி, ஓட்டுபவர், லேப்டாப் பை எல்லாம் சேர்த்து 200 கிலோ. வேகம் 40. நிறுத்தினால் வெளியேறும் ஆற்றல் சுமார் 12,300 ஜூல். வாதத்துக்காக, அத்தனையும் ஒரு கிலோ எடையுள்ள ஒரே ஒரு டிஸ்க்குக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், டிஸ்க்கின் சூடு 25 டிகிரிக்குச் சற்றே கூடுதலாக ஏறும். அவ்வளவுதான். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனால் சூடு கொஞ்சம் சேரும். பேடின் மேல்பரப்பு ஒரு கணம் இதைவிடக் கூடுதலாகக் கொதிக்கும். ஆனால் நடுவே காற்று படுகிறது, வண்டி ஊர்கிறது, டிஸ்க் ஆறிவிடுகிறது.

"சரி, திடீர்னு 80-ல போய் அடிக்க வேண்டி வந்தா?" என்று கேட்பவர் இருப்பார். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. அப்போதும் அதே டிஸ்க் ஒரு தடவைக்கு நூறு டிகிரியைச் சற்றே தாண்டித்தான் ஏறும். நல்ல தரமான ஆர்கானிக் பேடு இதைத் தாராளமாகத் தாங்கும். சூட்டில் பிடிப்பு போவது ஒரே ஒரு அவசர பிரேக்கில் நடப்பதல்ல. ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல் திரும்பத் திரும்ப அடிக்கும்போது நடப்பது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறதே, அங்கே ஒவ்வொரு சுற்றிலும் வளைவுக்கு வளைவு அதுதான் நடக்கிறது. அந்த வேலைக்காகவே தயாரான சில கலவைகள் சூடேறிய பிறகுதான் முழுப் பிடிப்புக்கு வரும். அப்படிப்பட்ட பேடை அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் முன்னால் 30-ல் போகிற பைக்கில் மாட்டினால், அது வேலை செய்யத் தொடங்கும் சூட்டுக்குப் போகவே போகாது. காசு கூடக் கொடுத்துப் பிடிப்பைக் குறைத்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

பிடிப்பு குறைந்தால் என்ன ஆகும்? 50 கி.மீ. வேகத்தில் வரும் பைக், நல்ல பிடிப்பில் ஒவ்வொரு நொடியும் வேகத்தில் 6 மீட்டர் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் 16 மீட்டரில் நிற்கும். பிடிப்பு கால் பங்கு குறைந்து 4.5 ஆனால் 21 மீட்டருக்கு மேல் ஆகும். வித்தியாசம் ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். இன்னொரு விதமாகச் சொன்னால் இன்னும் உறைக்கும்: முதல் பைக் முழுசாக நின்ற அதே இடத்தை, இரண்டாவது பைக் இன்னும் 25 கி.மீ. வேகத்தோடு தாண்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

ஏபிஎஸ் இருக்கே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. நல்ல விதி. ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. பேடுக்கு இல்லாத பிடிப்பை அது எங்கிருந்தும் கொண்டுவந்து கொடுக்காது.

'எச்எச்' என்றால் என்ன?

சில நல்ல பேடுகளின் முதுகில் 'எஃப்எஃப்', 'ஜிஎஃப்', 'எச்எச்' என்று இரண்டு எழுத்து இருக்கும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த குறியீடு அது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது எழுத்து கொதிக்கும் சூட்டில் எவ்வளவு என்று சொல்லும். 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55, 'எச்' அதற்கும் மேல். எச்எச் என்றால் இரண்டு நிலையிலும் உச்சம் என்று பொருள். மோட்டார் சைக்கிளுக்கான சின்டர்டு பேடுகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம்.

இதை வைத்தே வாங்கிவிடலாமா என்றால், அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. 'சாதாரணச் சூடு' என்று அந்தச் சோதனை எடுத்துக்கொள்வது 93 டிகிரி செல்சியஸில் தொடங்கி 204 டிகிரி வரை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் ஸ்பீடு பிரேக்கரில் லீவரைத் தொடும்போது பேடு 30 டிகிரியில் இருக்கிறது. அந்த நேரத்துக்கான பதில் இந்த எழுத்துகளில் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர அங்குலத் துண்டை வைத்துச் செய்த சோதனை வேறு. நனைந்த டிஸ்க்கில், நம்ம ஊர்ப் புழுதியோடு நடப்பது வேறு. எழுத்து இல்லாததைவிட இருப்பது மேல், அந்த அளவுக்கு அதை மதிக்கலாம்.

மேற்கு சென்னைக்கு எது?

இந்தப் பகுதி ரோடுகளின் குணம் மூன்று. லாரிகள் கிளப்பும் மண்ணும் தூசும் ஒன்று. விட்டுவிட்டு நகரும் டிராஃபிக் இரண்டு. பூந்தமல்லி பக்கம் மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் டிஸ்க் வரைக்கும் ஏறுகிற தண்ணீர். இந்த மூன்றும் ட்ரையல்ஸ் மைதானத்தின் குணங்கள். ரேஸ் டிராக்கின் குணம் ஒன்றுகூட இல்லை.

நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டி, ஸ்கூட்டர் என்றால் தேடி அலைய வேண்டாம். வண்டியோடு வந்த அதே வகை, பெரும்பாலும் ஆர்கானிக்கோ செமி மெட்டாலிக்கோ, கம்பெனிப் பேடே போதும். சீக்கிரம் தேய்கிறது என்பது உண்மைதான். ஆனால் பேடு தேய்வது தப்பில்லை; தேய்வதற்காகத்தான் அது இருக்கிறது. மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய். டிஸ்க் போனால் செலவு பல மடங்கு. பின்னால் டிரம் இருக்கும் வண்டிகளுக்கும் இதே பேச்சுதான்; அங்கே பேடுக்குப் பதில் ஷூ.

தினமும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரைக்கும் நெடுஞ்சாலையில் போய் வருகிறவர், மழையிலும் விடாமல் ஓட்டுகிறவர், 200 சிசிக்கு மேல் கனமான வண்டி வைத்திருப்பவர் - இவர்களுக்கு நல்ல கம்பெனியின் சாலை உபயோகச் சின்டர்டு பேடு நியாயமான தேர்வு. காரணம் அது 'ரேஸிங்' என்பதல்ல. நனைந்தாலும் பிடிக்கும், மண்ணில் கரையாது என்பதுதான் காரணம். வண்டியின் டிஸ்க் அதற்கு ஏற்றதுதானா என்று மட்டும் கம்பெனி கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ உறுதி செய்துகொள்ள வேண்டும். வார இறுதியில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே இறக்கத்தில் சூடு நிஜமாகவே சேரும். ஆனால் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்காமல் லீவரையே பிடித்துத் தொங்குகிறவரை எந்தக் கலவையும் ரொம்ப நேரம் காப்பாற்றாது. பிரேக் ஆயிலும் கொதிக்கும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன?

கலவையைவிடப் பெரிய வில்லன் ஒன்று உண்டு: எண்ணெய். வாட்டர் வாஷ் கடையில் டீசல் ஸ்பிரே அடித்து, கடைசியில் பளபளப்புக்குப் பாலிஷ் அடிப்பார்கள். அதில் ஒரு சாரல் டிஸ்க்கில் விழுந்தால் போதும், எச்எச் பேடும் ஒன்றுதான், லோக்கல் பேடும் ஒன்றுதான். செயின் ஸ்பிரே அடிக்கும்போதும் இதே ஆபத்து. ஆர்கானிக் பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் தேய்த்தெடுத்துச் சரி செய்வதைவிட மாற்றிவிடுவதே நல்லது. கிறீச் சத்தம் வருகிறது என்று டிஸ்க்கில் எண்ணெய் விடச் சொல்கிற ஆளைப் பார்த்தால் அடுத்த தெரு மெக்கானிக்கிடம் போய்விடலாம்.

புதுப் பேடு போட்ட அன்று 'முன்னைவிட மோசமா இருக்கே' என்று தோன்றுவது சகஜம். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். காலியான ரோட்டில் 40, 50 வேகத்திலிருந்து நிதானமாக இருபது, முப்பது தடவை வேகத்தைக் குறைத்து ஏற்றினால் படிந்துவிடும். மெதுவாகவே ஓட்டுகிற வண்டிகளில் இதைச் செய்யாமல் விட்டால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கி, பிடிப்பு குறையும். ட்ரையல்ஸ் பைக்குகளில் இது நாள்பட்ட வியாதி. ஆபீஸ் பைக்குகளிலும் இருக்கிறது, யாரும் பெயர் வைக்கவில்லை.

தூசு யார் நுரையீரலுக்கு?

கலவை என்னவென்று தெரிய வேண்டியது ஓட்டுபவருக்கு மட்டுமல்ல. டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை வைத்து 'புஸ்'ஸென்று ஊதித் தூசைக் கிளப்புவது நம்ம மெக்கானிக் கடைகளில் தினசரிக் காட்சி. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே உதவிக்கு நிற்கும் பையன் முகத்தில்தான் அது போய் அப்பும். ஒரு காலத்தில் பிரேக் லைனிங்கின் முக்கிய இழையே ஆஸ்பெஸ்டாஸ்தான். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பெரிய நிறுவனங்கள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கலவைக்கு எப்போதோ மாறிவிட்டன. ஆனால் பெயர் ஊர் இல்லாத பெட்டியில் வரும் சரக்கில் என்ன இருக்கிறது என்று பார்வையால் கண்டுபிடிக்க வழி இல்லை. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைத்தால் தூசு பறக்காது. கம்ப்ரஸரைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பெட்டியில் எழுதினால் என்ன?

"மெக்கானிக்குக்குத் தெரியும், அவர் பார்த்துக்குவார்" என்பது வழக்கமான பதில். அனுபவமுள்ள மெக்கானிக்கின் கை சொல்வதை அலட்சியம் செய்ய முடியாது. ஓட்டிப் பார்த்தே எந்தப் பக்கப் பேடு போயிருக்கிறது என்று சொல்கிறவர்கள் கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கும் பெட்டியில் எழுதியதுதான் தெரியும். எழுதாததை அவர் எப்படிச் சொல்வார்? 'ரேஸிங்', 'பவர்', 'அல்ட்ரா' என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன முடிவு செய்ய முடியும்?

ஐரோப்பாவில் மாற்றுப் பேடு விற்க 'ஆர் 90' என்ற விதிப்படி ஒப்புதல் வேண்டும். அசல் பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது குறைவாகப் பிடித்தாலும் தப்பு, கண்டபடி கூடுதலாகப் பிடித்தாலும் தப்பு. 'நச்சுனு நிக்கும்' என்பதைத் தகுதியாக அந்த விதி ஏற்பதில்லை. வண்டியின் டயர், ஃபோர்க், ஏபிஎஸ் எல்லாம் ஒரு குறிப்பிட்ட பிடிப்பை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. சந்து முனையில் மணல் கிடக்கும்போது முன் பிரேக் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு பிடித்தால் என்ன ஆகும் என்பதை, ஏபிஎஸ் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிறவரிடம் கேட்டால் முழங்கையைக் காட்டிச் சொல்வார்.

இந்த ஊரின் பெரிய தொழிற்சாலைகளுக்கு இது முடியாத காரியமில்லை. வாகனக் கம்பெனிகளுக்குப் பேடு சப்ளை செய்யும்போது என்ன கலவை, எந்தச் சூட்டில் எவ்வளவு உராய்வு, நனைந்தால் எவ்வளவு என்று தாள் தாளாகக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாள்களிலிருந்து நான்கே வரியைக் கடை விற்பனைப் பெட்டிக்கும் கொண்டுவரலாம்: கலவை வகை, உராய்வு எழுத்து, எந்த டிஸ்க்குக்கு ஏற்றது, ஆஸ்பெஸ்டாஸ் உண்டா இல்லையா. தமிழிலும் எழுதலாம். பிஸ்கட் பாக்கெட்டில் எவ்வளவு சர்க்கரை என்று எழுத முடிகிறது. போலி போடுகிறவனுக்கும் இது கொஞ்சம் இடைஞ்சல். வெறும் லோகோவை அச்சடிப்பது சுலபம்; ஒவ்வொரு மாடலுக்கும் சரியான விவரத்தை அச்சடிக்க அவனும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.

அது வரும் வரைக்கும் கவுன்டரில் கேட்க வேண்டிய கேள்வியை வாங்குகிறவர்தான் மாற்ற வேண்டும். "அண்ணே, இது ஆர்கானிக்கா சின்டர்டா? முதுகுல எழுத்து என்ன போட்டிருக்கு, பெட்டியப் பிரிச்சுக் காட்டுங்க." முதல் தடவை கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஒரே நாளில் நாலு பேர் கேட்டுவிட்டால், சரக்கு எடுக்கிற டீலரிடம் சாயங்காலம் அவரே போன் போட்டுக் கேட்பார்.